1914 ஜூலை: உலகப்போருக்கு முந்தைய ஐந்து வாரங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப்போரின் காரணங்களைப் பள்ளியில் மனப்பாடமாக எழுதித் தேறியவர்கள் நம்மில் ஏராளம். ராணுவக் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனி ஆசை, தேசிய வெறி, கடைசியாக ‘உடனடிக் காரணம்’ என்ற துணைத்தலைப்பில் சரயேவோ கொலை. விடை தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விடையில் ஆட்களே இல்லை. போர் ஏதோ பருவமழை போலத் தானாக வந்து இறங்கியதாகத் தோன்றும். 1914 ஜூன் 28-க்கும் ஆகஸ்ட் 4-க்கும் இடையில் யார், எந்த மேசையில், எதில் கையெழுத்திட்டார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

ஓர் இளவரசரைக் கொன்றதற்காகவா உலகமே சண்டை போட்டது?

இல்லை. அந்தக் கொலைக்காக ஐரோப்பா பெரிதாகக் கண்ணீர் விடவும் இல்லை. ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து வாரிசான பிரான்ஸ் பெர்டினாண்ட், வியன்னா அரண்மனையிலேயே பலருக்குப் பிடிக்காதவர். அவர் மனைவி சோபி அரச குலத்தைச் சேர்ந்தவர் அல்ல என்பதால், தங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகே அவரால் திருமணம் செய்துகொள்ள முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், செர்பியாமீது போர் தொடுக்கக் கூடாது என்று வியன்னாவில் வலுவாக வாதாடி வந்தவரே இவர்தான். ராணுவத் தலைமைத் தளபதி கான்ராட் வான் ஹோட்சென்டார்ப், 1913-இல் மட்டும் இருபது தடவைக்கு மேல் செர்பியாவைத் தாக்க அனுமதி கேட்டவர். அவருக்குக் குறுக்கே நின்றவர் பெர்டினாண்ட். சரயேவோவில் விழுந்த குண்டு, போரைத் தடுத்துவந்த ஆளையும் அகற்றியது. போர் கேட்டவர்களுக்கு ஒரு சாக்கையும் கொடுத்தது.

ஜூன் 28 அன்று என்னதான் நடந்தது? கொலையாளி சாண்ட்விச் வாங்கப் போன இடத்தில் கார் வந்து நின்றது என்கிறார்களே?

சாண்ட்விச் கதைக்கு ஆதாரம் இல்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்த கறிவேப்பிலை அது. நடந்ததே போதுமான அளவு விசித்திரமானது.

சரயேவோ இருக்கும் போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரி 1908-இல்தான் முறைப்படி தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த செர்பியர்களுக்கு அது ஆறாத புண். ஜூன் 28 அவர்களுக்கு 1389-இல் நடந்த கொசோவோ போரின் நினைவு நாள். அந்த நாளில் பட்டத்து வாரிசு திறந்த காரில் ஊர்வலம் வருவதாக அறிவித்தார்கள். ஆற்றோரச் சாலையில் ஆறு இளைஞர்கள் ஆயுதங்களோடு நின்றார்கள்.

அவர்களில் நெடெல்கோ சாப்ரினோவிச் குண்டை வீசினார். அது காரின் மடித்த கூரையில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காரின் அடியில் வெடித்தது. அவர் சயனைடை விழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தார். சயனைடு வேலை செய்யவில்லை. ஆற்றிலும் முழுகும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. பிடிபட்டார். ஊர்வலம் நிற்கவில்லை. நகர மண்டபத்தில் மேயர், நடந்தது எதையும் காட்டிக்கொள்ளாமல், எழுதி வைத்திருந்த வரவேற்புரையை அப்படியே வாசிக்கத் தொடங்கினார். “விருந்தாளியாக வந்தேன், குண்டு வீசுகிறீர்கள்” என்ற பொருளில் பெர்டினாண்ட் இடைமறித்துக் கத்தினார்.

காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவானது. அதற்காகப் பாதையை மாற்றினார்கள். மாற்றியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்தருகே வலப்பக்கம் திரும்பினார். ஆளுநர் பொட்டியோரெக் சத்தம் போட, பின்னால் எடுப்பதற்காக கார் நின்றது. நின்ற இடத்துக்குச் சில அடி தள்ளி 19 வயது கவ்ரிலோ பிரின்சிப். இரண்டு முறை சுட்டார். கணவனும் மனைவியும் சிறிது நேரத்தில் இறந்தார்கள். இருபது வயது நிரம்பாததால் பிரின்சிப்புக்குத் தூக்கு இல்லை. 1918 ஏப்ரலில் சிறையில் காசநோயால் இறந்தார்.

இதில் செர்பிய அரசுக்குப் பங்கு இருந்ததா?

துப்பாக்கியும் குண்டும் செர்பியாவிலிருந்துதான் வந்தன. பின்னணியில் ‘கறுப்புக் கை’ என்ற ரகசிய அமைப்பு இருந்தது. அதன் தலைவர் டிராகுட்டின் டிமிட்ரியேவிச், செர்பிய ராணுவ உளவுப் பிரிவின் தலைவரும்கூட. ஆனால் ‘செர்பிய அரசு’ என்பது அப்போது ஒரே ஆள் அல்ல. பிரதமர் நிக்கோலா பாஷிச்சும் இந்த உளவுத் தலைவரும் ஒருவரை ஒருவர் ஒழிக்கக் காத்திருந்தவர்கள். 1917-இல் செர்பிய ராணுவ நீதிமன்றமே டிமிட்ரியேவிச்சுக்கு மரண தண்டனை அளித்தது.

வியன்னா அனுப்பிய விசாரணை அதிகாரி வீஸ்னர், ஜூலை 13 அன்று சரயேவோவிலிருந்து தந்தி கொடுத்தார். செர்பிய அரசு இந்தச் சதியை அறிந்திருந்தது என்பதற்குச் சான்று இல்லை என்பதே அதன் சாரம். அதற்குள் வியன்னா முடிவெடுத்துவிட்டது. விசாரணை அறிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

‘வெற்றுக் காசோலை’ என்று அடிக்கடி படிக்கிறோமே, அது என்ன?

செர்பியாவைத் தொட்டால் ரஷ்யா வரும். ரஷ்யா வந்தால் ஆஸ்திரியாவால் தனியாக நிற்க முடியாது. ஆகவே வியன்னா முதலில் பெர்லினுடைய மனநிலையை அறிய ஆள் அனுப்பியது. ஜூலை 5 அன்று ஆஸ்திரியத் தூதர் ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மோடு போட்ஸ்டாமில் மதிய உணவு அருந்தினார். வியன்னாவிலிருந்து ஆஸ்திரியப் பேரரசரின் கடிதத்தோடு கோமகன் ஹோயோஸ் வந்திருந்தார். நீங்கள் எதைச் செய்தாலும், ரஷ்யா குறுக்கிட்டாலும், ஜெர்மனி உங்கள் பக்கம் நிற்கும் என்று கைசர் உறுதி கொடுத்தார். மறுநாள் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதிப்படுத்தினார். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான்.

அன்றே, அதாவது ஜூலை 6-ஆம் தேதி, கைசர் வழக்கம்போல நார்வேக் கடலுக்கு உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார். ஐந்து வாரக் கதையில் இதைவிடப் பொறுப்பற்ற இரண்டு நாட்கள் இல்லை என்பது என் கணிப்பு. இந்த உறுதி கிடைக்காமல் இருந்திருந்தால் வியன்னா இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நம்புவது கடினம்.

உறுதி கிடைத்தது ஜூலை 5, போர் தொடங்கியது ஜூலை 28. இடையில் மூன்று வாரம் என்ன செய்தார்கள்?

முதலாவதாக, ஹங்கேரியின் பிரதமர் இஸ்த்வான் திசா சம்மதிக்கவில்லை. பேரரசில் ஏற்கெனவே ஸ்லாவியர்கள் அதிகம், இன்னும் கொஞ்சம் செர்பியர்களைச் சேர்த்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் கவலை. ஜூலை 14 வாக்கில்தான் அவர் இறங்கிவந்தார்.

இரண்டாவது, அறுவடைக் காலம். படையில் பெரும் பகுதி அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தது. திடீரென்று திரும்ப அழைத்தால் தானியமும் கெடும், ரகசியமும் கெடும்.

மூன்றாவது காரணம் தந்திரமானது. பிரெஞ்சு அதிபர் புவான்கரேயும் பிரதமர் விவியானியும் ஜூலை 20 முதல் 23 வரை ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விருந்தினர்கள். அவர்கள் அங்கே இருக்கும்போது எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினால், பிரான்சும் ரஷ்யாவும் நேருக்கு நேர் பேசி ஒரே குரலில் பதில் சொல்லிவிடும். எனவே அவர்கள் கப்பல் ஏறிய பிறகு கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். மாலை 5 மணிக்குக் கொடுத்தால் கப்பல் கிளம்புவதற்குள் செய்தி எட்டிவிடக்கூடும் என்று பெர்லின் எச்சரித்தது. நேரத்தை 6 மணிக்குத் தள்ளிப் போட்டார்கள். போர் கைமீறி நடந்த விபத்து என்று வாதிடுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொலை நடந்த சூட்டில் ஆஸ்திரியா அடித்திருந்தால் ஐரோப்பா முணுமுணுத்துவிட்டு விட்டிருக்கலாம். ஒரு மாதம் கழித்து, அனுதாபமெல்லாம் வற்றிய பிறகு அடித்தபோது, அது பழிவாங்கலாகத் தெரியவில்லை, திட்டமாகத் தெரிந்தது.

அந்த இறுதி எச்சரிக்கையில் அப்படி என்ன இருந்தது? செர்பியா பணிந்து போயிருக்கலாமே?

பணிந்துதான் போனது, ஏறக்குறைய.

ஜூலை 23 மாலை ஆறு மணிக்குச் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆஸ்திரியத் தூதர் கீசல் கடிதத்தைக் கொடுத்தார். பத்துக் கோரிக்கைகள். ஆஸ்திரியாவுக்கு எதிரான பத்திரிகைகளை ஒடுக்க வேண்டும், தேசியவாத அமைப்பைக் கலைக்க வேண்டும், பாடப்புத்தகங்களிலிருந்து ஆஸ்திரிய எதிர்ப்பை நீக்க வேண்டும், வியன்னா பெயர் சொல்லும் அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்றெல்லாம் போகிறது பட்டியல். ஆறாவது கோரிக்கைதான் கண்ணி: சதி பற்றிச் செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கேற்க வேண்டும். கெடு 48 மணி நேரம். பிரதமர் பாஷிச் தேர்தல் பிரசாரத்துக்காக வெளியூரில் இருந்தார். நிதியமைச்சர்தான் கடிதத்தை வாங்கினார். ஒரு சுதந்திர நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பியவற்றில் இவ்வளவு கடுமையான ஆவணத்தை நான் கண்டதில்லை என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே சொன்னார்.

25-ஆம் தேதி, கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது பாஷிச் தானே பதிலை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்கு வந்தார். பெரும்பாலான கோரிக்கைகளுக்குச் சம்மதம், சிலவற்றுக்குச் சுற்றி வளைத்த சம்மதம், ஆறாவதுக்கு மட்டும் மறுப்பு. கீசல் மேலோட்டமாகப் படித்தார். முழுமையாக ஏற்கவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு என்பது அவருக்கு வந்திருந்த உத்தரவு. பெட்டி படுக்கையெல்லாம் முன்பே கட்டி வைத்தாயிற்று. 6.30 மணி ரயிலைப் பிடித்து எல்லை ஆற்றைக் கடந்துவிட்டார். செர்பியாவும் அப்பாவியாக உட்கார்ந்திருக்கவில்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கே படைதிரட்டலுக்கு ஆணையிட்டிருந்தது.

கைசர் கடைசி நேரத்தில் மனம் மாறினார் என்பது உண்மையா?

உண்மை. கடலிலிருந்து திரும்பிய அவர் ஜூலை 28 காலையில்தான் செர்பியாவின் பதிலைப் படித்தார். வியன்னாவுக்கு இது பெரிய தார்மிக வெற்றி, இனிப் போருக்கான காரணம் எதுவும் இல்லை என்று ஓரத்தில் எழுதினார். ஆஸ்திரியப் படை பெல்கிரேடைப் பிடித்துவைத்துக்கொண்டு அங்கேயே நின்று பேச்சுவார்த்தை நடத்தலாம் என்று யோசனையும் சொன்னார்.

அன்று முற்பகலே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது. அதுவும் தந்தியில். செர்பிய அரசு நிஷ் நகருக்கு இடம்மாறியிருந்தது; அங்கே மதிய உணவில் இருந்த பாஷிச்சின் கையில் தந்தி வந்து சேர்ந்தது. இந்த அவசரத்தில் ஓர் அபத்தம் உண்டு. ஆகஸ்ட் 12-க்கு முன் படை தயாராகாது என்று கான்ராட் சொல்லியிருந்தார். தயாராகாத படையை வைத்துக்கொண்டு ஏன் அறிவித்தார்கள்? சமரசம் பேச யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம். வெளியுறவு அமைச்சர் பெர்ச்டோல்ட் மூடிவிட நினைத்தது அந்தக் கதவைத்தான். செர்பியர்கள் முதலில் சுட்டுவிட்டார்கள் என்று முதிய பேரரசர் பிரான்ஸ் யோசப்பிடம் ஒரு மோதலைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்த மோதல் உறுதியாகவில்லை. அறிவிப்பிலிருந்து அந்த வரியைப் பிறகு சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

கைசரின் மனமாற்றத்தை அதிகம் புகழ வேண்டியதில்லை. அவர் பேசிய பேச்சுக்கும் அவருடைய பிரதமரும் தளபதிகளும் செய்த செயலுக்கும் தொடர்பு அறுந்திருந்தது. ஜூலை 30-இல் பிரதமர் வியன்னாவை நிதானிக்கச் சொல்லித் தந்தி அடிக்கிறார். அதே நாளில் தளபதி மோல்ட்கே, ரஷ்யாவுக்கு எதிராக உடனே படை திரட்டு என்று கான்ராடுக்குச் சொல்லி அனுப்புகிறார். பெர்லினில் ஆட்சி செய்வது யார் என்று பெர்ச்டோல்ட் கேட்டாராம். நியாயமான கேள்வி.

ரஷ்யா படை திரட்டியதால்தான் ஜெர்மனி இறங்கியது என்று ஒரு வாதம் இருக்கிறதே?

வாதத்தில் பாதி உண்மை உண்டு. பெரிய நாடுகளில் முதலில் பொதுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது ரஷ்யாதான். இன்றைய வாசகருக்குப் படைதிரட்டல் என்றால் என்ன என்று விளங்காமல் இது புரியாது. அப்போதைய படைகளில் பெரும்பகுதி வீட்டில் இருந்த ரிசர்வ் ஆட்கள். அவர்களைக் கூப்பிட்டு, சீருடை கொடுத்து, குதிரைகளைச் சேர்த்து, ரயிலில் எல்லைக்கு அனுப்ப வேண்டும். ரஷ்யாவின் பரப்புக்கும் ரயில் பாதைகளுக்கும் இது பல வாரங்கள் பிடிக்கும்; ஜெர்மனி அதைவிட மிக வேகமாக முடித்துவிடும். பின்தங்கிவிடுவோம் என்ற பயம் ரஷ்யத் தளபதிகளுக்கு. அவர்கள் முந்திக்கொண்டால் தங்கள் திட்டமே பாழ் என்ற பயம் ஜெர்மன் தளபதிகளுக்கு.

ரஷ்யப் பேரரசரான சார் இரண்டாம் நிக்கோலஸ் மிகவும் தடுமாறினார். ஜூலை 29 இரவு பொதுப் படைதிரட்டல் ஆணை அனுப்பப்படவிருந்த நேரத்தில் கைசரிடமிருந்து தந்தி வந்தது. ஆணையை நிறுத்தி, ஆஸ்திரியாவுக்கு எதிரான பகுதிப் படைதிரட்டலாகச் சுருக்கினார். பகுதியாகத் திரட்ட உருப்படியான திட்டமே கிடையாது என்று தளபதிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 30-ஆம் தேதி பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் அரண்மனைக்குப் போய், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிச் சம்மதம் வாங்கினார். உடனே தளபதி யனுஷ்கேவிச்சைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இனி உங்கள் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்றார். மன்னர் மறுபடி மனம் மாறிக் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தொலைபேசியை உடைக்கப் போவதாக யனுஷ்கேவிச்சே முன்பு சொல்லியிருந்தார்.

ஆனால் ரஷ்யப் படை திரண்ட பிறகும் எல்லைக்குள்ளேயே வாரக்கணக்கில் காத்திருக்க முடியும். ஜெர்மன் திட்டத்தில் அப்படிக் காத்திருக்க இடமில்லை. அங்கே படைதிரட்டல் என்றால் படையெடுப்பு. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு ரஷ்யாவைக் கைகாட்டுவது சரியல்ல.

இந்த மன்னர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்தானே?

ஆமாம். கைசரும் பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா மகாராணியின் பேரர்கள். ஜார்ஜின் தாயும் சாரின் தாயும் உடன்பிறந்தவர்கள். சாரும் கைசரும் ‘நிக்கி’, ‘வில்லி’ என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் தந்தி பரிமாறிக்கொண்டார்கள். பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உறவு போரைத் தடுக்கவில்லையே என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சண்டை செர்பியாவுக்காக, எதிரி ரஷ்யா. ஜெர்மனி ஏன் எதிர்த்திசையில் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது?

கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது இது.

1890-களிலிருந்து பிரான்சும் ரஷ்யாவும் கூட்டாளிகள். இருமுனைப் போர் நிச்சயம் என்று கணக்குப் போட்ட ஜெர்மன் தலைமையகம், ரஷ்யா மெதுவாகத் திரளும் ஆறு வாரத்துக்குள் பிரான்சை முடித்துவிட்டு, பிறகு படையைக் கிழக்கே திருப்புவது என்று வைத்திருந்தது. முன்னாள் தளபதி ஷ்லீபனின் பெயரால் அறியப்படும் திட்டம் இது. பிரான்சின் கிழக்கு எல்லையில் கோட்டைகள் வரிசையாக நிற்பதால் பெல்ஜியம் வழியாகச் சுற்றி வர வேண்டும். அதற்கு லியேஜ் கோட்டை நகரத்தை முதல் சில நாட்களிலேயே பிடித்தாக வேண்டும். கிழக்கே மட்டும் படையனுப்பும் மாற்றுத் திட்டம் ஒன்று இருந்தது; அதை 1913-இல் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839 லண்டன் உடன்படிக்கையில் பிரஷ்யாவும் உறுதி கொடுத்திருந்தது என்பது யாரையும் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் 1 மாலை பெர்லின் அரண்மனையில் நடந்த காட்சி இதைக் கண்ணாடி போலக் காட்டுகிறது. படைதிரட்டல் ஆணையில் கைசர் கையெழுத்திட்டுவிட்டார். தளபதி மோல்ட்கே ஆணையோடு கிளம்பிவிட்டார். லண்டனிலிருந்து தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி வருகிறது: பிரான்சை நீங்கள் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கும், பிரான்சையும் ஒதுக்கிவைக்கும் என்பதுபோல கிரே பேசியதாக அதில் இருக்கிறது. கைசருக்குத் தலைகால் புரியவில்லை. ஷாம்பெயின் கொண்டுவரச் சொல்கிறார். மோல்ட்கேயைத் திரும்ப அழைத்து, அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே அனுப்பிவிடலாம் என்கிறார்.

முடியாது என்கிறார் மோல்ட்கே. லட்சக்கணக்கான ஆட்களின் நகர்வு ஒரு வருட உழைப்பு. இப்போது மாற்றினால் கிழக்கே போய்ச் சேர்வது படையல்ல, சோறில்லாத கும்பல் என்பது அவர் வாதம். உன் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார் என்று கைசர் குத்துகிறார். 1870-இல் பிரான்சை வென்ற மூத்த மோல்ட்கேதான் அந்தப் பெரியப்பா. லக்சம்பர்க் எல்லையைத் தாண்ட வேண்டாம் என்று உத்தரவு போகிறது. அதற்குள் ஒரு சிறு பிரிவு அங்கே ஒரு ரயில் நிலையத்தைப் பிடித்தே விட்டது. தலைமையகத்துக்குத் திரும்பிய மோல்ட்கே அழுதுவிட்டார். இரவு பதினொரு மணிவாக்கில் ஜார்ஜ் மன்னரின் தந்தி வந்தது: ஏதோ தவறான புரிதல். இனி உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்று கைசர் சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே முடியாதா? ஜெர்மன் ரயில்வே பிரிவின் தலைவராக இருந்த ஸ்டாப், போருக்குப் பிறகு, முடிந்திருக்கும் என்று கணக்கோடு எழுதிக் காட்டினார். தன் துறையை அவமதித்துவிட்டதாக அவருக்குக் கோபம். அவர் கோபப்பட்டதற்குக் காரணம் உண்டு: அடுத்த இரண்டு வாரத்தில் கொலோன் நகரின் ரைன் பாலத்தை மட்டும் 2,150 ராணுவ ரயில்கள் கடந்தன, ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

பிரிட்டன் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால் ஜெர்மனி அடங்கியிருக்குமா?

ஒருவேளை. ஆனால் சொல்ல யாருக்கு அதிகாரம்? ஜூலை 24 அன்று லண்டன் அமைச்சரவை கூடிப் பேசிக்கொண்டிருந்தது அயர்லாந்தைப் பற்றி. அயர்லாந்துத் தன்னாட்சியில் அல்ஸ்டர் பகுதியின் எந்த மாவட்டத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டிக் களைத்த பிறகே செர்பியக் கடிதத்தை கிரே வாசித்தார். உள்நாட்டுப் போர் அயர்லாந்தில்தான் வெடிக்கும் என்று பலர் அஞ்சிய மாதம் அது.

1904-இல் பிரான்சோடும் 1907-இல் ரஷ்யாவோடும் பிரிட்டன் செய்துகொண்டவை தகராறுகளைத் தீர்க்கும் உடன்பாடுகள். போருக்கு வருவேன் என்ற வாக்குறுதி அவற்றில் இல்லை. ஆனால் 1912-இல் கடற்படை ஏற்பாடு ஒன்று நடந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் மத்தியதரைக் கடலுக்குப் போக, பிரான்சின் வடகரை பிரிட்டனை நம்பி நின்றது. எழுதாத கடன் அது. அமைச்சரவையில் பெரும்பான்மை கடைசி வாரம் வரை போருக்கு எதிர். நான்கு நாட்டுத் தூதர்கள் கூடிப் பேசலாம் என்று கிரே 26-ஆம் தேதி சொன்ன யோசனையை ஜெர்மனி ஏற்கவில்லை. இதற்கிடையே கடற்படை அமைச்சர் சர்ச்சில், ஒத்திகைக்காகக் கூடியிருந்த கப்பல்களைக் கலைய விடாமல் நிறுத்தி, 29 இரவு விளக்கணைத்து வடக்கே ஸ்காபா புளோ கடற்படைத் தளத்துக்கு அனுப்பினார்.

பிளவுபட்ட அமைச்சரவையை ஒட்டவைத்தது பெல்ஜியம். ஆகஸ்ட் 2 மாலை, படைக்கு வழி விடு, பன்னிரண்டு மணி நேரத்தில் பதில் சொல் என்று ஜெர்மனி கேட்டது. பெல்ஜியம் மறுத்தது. 4-ஆம் தேதி ஜெர்மன் படை எல்லையைத் தாண்டியது. வெறும் ஒரு காகிதத்துண்டுக்காகவா போருக்கு வருகிறீர்கள் என்று பிரிட்டிஷ் தூதரிடம் பெத்மன் ஹோல்வெக் புலம்பினார்; பிரிட்டிஷ் பிரசாரகர்களுக்கு அவர் கொடுத்த இலவசப் பரிசு அந்தச் சொல். அன்றிரவு லண்டன் நேரம் பதினொரு மணிக்கு, ஜெர்மனிக்கு பிரிட்டன் விதித்திருந்த கெடு முடிந்தது; பிரிட்டனும் போரில் இறங்கியது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலகியிருந்தார்கள். அவ்வளவுதான்.

மக்கள் பூத்தூவிப் போரை வரவேற்றார்கள் என்பது?

நகரங்களின் நடுச்சதுக்கங்களில் எடுத்த புகைப்படங்கள் அப்படிக் காட்டுகின்றன. அதே ஜூலை கடைசி வாரத்தில் பெர்லின் உள்ளிட்ட ஜெர்மன் நகரங்களில் சோஷலிஸ்டுகள் போருக்கு எதிராகப் பெரும் கூட்டங்கள் நடத்தினார்கள் என்பது படத்தில் விழவில்லை. பாரிஸ் பத்திரிகைகள் அந்த வாரம் அச்சிட்டுக் குவித்தது செர்பியாவை அல்ல, முன்னாள் பிரதமர் கையோவின் மனைவி ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சுட்டுக்கொன்ற வழக்கை. ஜூலை 28, அதாவது ஆஸ்திரியா போர் அறிவித்த அதே நாள், அந்த அம்மையார் விடுதலையானார்.

பிரான்சில் போரைத் தடுக்க ஓடியாடிய சோஷலிஸ்டுத் தலைவர் ஜான் ஜோரேஸ், ஜூலை 31 இரவு பாரிசில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சன்னல் வழியாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து ஜெர்மன் சோஷலிஸ்டுகள் நாடாளுமன்றத்தில் போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். சுட்டவரை 1919-இல் ஜூரி விடுதலை செய்தது.

பங்குச் சந்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்திருக்குமே?

பிடிக்கவில்லை. ஜூலை மூன்றாவது வாரம் வரை சந்தைகள் நிம்மதியாக இருந்தன. பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் சரிந்தது. இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் ஜூலை 30-இல் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது, மறுநாள் 8, அதற்கடுத்த நாள் 10. ஜூலை 31-இல் லண்டன், நியூயார்க் சந்தைகள் மூடப்பட்டன. நியூயார்க்கில் பங்கு வணிகம் மீண்டும் தொடங்க டிசம்பர் ஆயிற்று.

இத்தாலியும் ஜெர்மன் கூட்டணிதானே, ஏன் சேரவில்லை?

1882 முதல் கூட்டாளிதான். ஆனால் அது தற்காப்பு ஒப்பந்தம். ஆஸ்திரியாவே போய் அடித்த போரில் எங்களுக்குக் கடமையில்லை என்று நடுநிலை அறிவித்தது. அடுத்த ஆண்டு எதிரணியில் சேர்ந்தது. கூட்டணிகள்தான் எல்லாரையும் போருக்குள் இழுத்தன என்ற பாடப்புத்தக விடைக்கு இத்தாலி ஒரு நல்ல மறுப்பு: விலக நினைத்தவர்கள் விலகினார்கள்.

அப்படியானால் குற்றவாளி யார்?

1919 வெர்சாய் உடன்படிக்கையின் 231-ஆம் பிரிவு ஜெர்மனி மீதும் அதன் கூட்டாளிகள் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. பிறகு எல்லாரும் சேர்ந்து தடுக்கி விழுந்தார்கள் என்ற சமாதானமான விளக்கம் வந்தது. 1960-களில் ஒரு ஜெர்மன் வரலாற்றாசிரியரே ஆவணங்களைத் தோண்டி, ஜெர்மனியின் நோக்கமே போர்தான் என்று எழுதியபோது அந்நாட்டில் பெரும் சண்டை மூண்டது. அண்மைக் காலத்தில் ஊசல் மறுபக்கம் போய், ரஷ்யாவும் செர்பியாவும் கூண்டில் ஏறுகின்றன.

என் எடையில் வியன்னாவின் தட்டும் பெர்லினின் தட்டும்தான் தாழ்கின்றன. ஒருவர் உள்ளூர்ப் போரை விரும்பித் தேடினார். மற்றவர் அது பெரும்போராகலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார். இன்னும் சில ஆண்டு போனால் ரஷ்யாவை வெல்ல முடியாது, வருவது இப்போதே வரட்டும் என்ற எண்ணம் ஜெர்மன் தலைமையகத்தில் 1912 முதலே இருந்தது. ரஷ்யா நிதானித்திருக்கலாம். பிரான்ஸ் ரஷ்யாவை அடக்கியிருக்கலாம். பிரிட்டன் வாயைத் திறந்திருக்கலாம். இவை செய்யாமல் விட்ட தவறுகள். வியன்னாவுடையதும் பெர்லினுடையதும் செய்த தவறுகள்.

இந்தியா எப்படி இதற்குள் வந்தது?

லண்டனில் கெடு முடிந்ததும் இந்தியாவும் போரில் இருந்தது. இங்கே எந்தச் சபையையும் யாரும் கேட்கவில்லை. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அறிவித்தார். செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைப்பிரிவுகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அக்டோபரில் அவர்கள் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே, ஐரோப்பியக் குளிருக்குப் போதாத உடைகளோடு, பதுங்குகுழிகளில் இருந்தார்கள். போர் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சென்னைக்குப் போர் அதற்கு முன்பே வந்துவிட்டது. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து, விளக்கைப் போட்டுக் குறிபார்த்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாட்களில் ரயிலிலும் வண்டியிலும் நடந்தும் ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்களில் எத்தனை பேர் சரயேவோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?